18 ராத்திரியும் 1500 எபிசோடும்

ஒரு கதை எத்தனை நாள் ஓடலாம்? ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது. சினிமாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ரெண்டரை மணி நேரம், மிஞ்சிப்போனால் மூணு மணி நேரம். பிடிக்கவில்லையா, இடைவேளையில் ஒரு போண்டாவைத் தின்றுவிட்டு அப்படியே வண்டியை எடுத்துவிடலாம். தொடராக வரும் கதைகளுக்குத்தான் இந்தக் கண்டம். ஜப்பான் அனிமே, சன் டிவி மெகா சீரியல், வாரப் பத்திரிகைத் தொடர், எங்கள் கொங்குப் பக்கத்து உடுக்கடிப் பாட்டு... பார்க்க வேறே வேறே சரக்கு மாதிரி இருந்தாலும் வரக்கூடிய வியாதி ஒன்றுதான். இழுவை!

இந்த நாலையும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்தவன், படித்தவன், கேட்டவன் என்ற ஒரே தகுதியில் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். (நீளத்தைத் திட்டுகிற பதிவே இவ்வளவு நீளமா என்று கேட்காதீங்க. எங்கே முடிக்கப் போகிறேன் என்று எனக்கு இப்பவே தெரியும். அதுதான் விஷயமே!)

முதலில் அனிமே. எனக்கு இதை அறிமுகப்படுத்தினது சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா பையன். "மாமா, இது சும்மா கார்ட்டூன் இல்ல, பாருங்க" என்று ஆரம்பித்தான். நல்லவேளை, முதலில் 'டெத் நோட்' கொடுத்தான். 37 எபிசோட். ஒரு நோட்டு, அதில் பேர் எழுதினால் ஆள் காலி. ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன். அப்புறம் 'கௌபாய் பீபாப்', 26 எபிசோட். அதுவும் ஆச்சு. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் பிரதர்ஹுட்', 64. பரவாயில்லை, தாங்கியது. பிறகு 'நருட்டோ'வை எடுத்து நீட்டினான். 220 எபிசோட். "அவ்வளவுதானாடா?" என்றால், "இது சின்ன வயசு மாமா. பெரிய பையன் ஆனப்புறம் தனியா இன்னொரு 500 இருக்கு" என்கிறான். 2002-ல் ஆரம்பித்து 2017-ல்தான் மொத்தமாக முடிந்திருக்கிறது.

'ஒன் பீஸ்' இதற்கெல்லாம் அப்பன். 1999 அக்டோபரில் ஆரம்பித்தது. 1100 எபிசோடைத் தாண்டியும் கடற்கொள்ளைக்காரப் பசங்கள் இன்னும் அந்தப் புதையலைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். "தினம் 3 பாத்தீங்கன்னா ஒரு வருஷத்துல முடிச்சிரலாம் மாமா" என்று கணக்குப் போட்டுக் காட்டினான். நானும் போட்டேன். எபிசோடுக்கு 20 நிமிஷம் வைத்தால் 1100-க்கு 22,000 நிமிஷம். 360 மணி நேரத்துக்கு மேல். வேலைக்குப் போகிற மாதிரி தினம் 8 மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒன்றரை மாசம். முடிவு தெரிந்தாலாவது உட்காரலாம். அதுவே முடியவில்லையே!

ஏன் இப்படி இழுக்கிறார்கள் என்று கொஞ்சம் நோண்டினேன். இந்த மாதிரித் தொடர்கள் பெரும்பாலும் 'மாங்கா' எனப்படும் படக்கதையில் இருந்து எடுப்பவை. படக்கதை வாராவாரம் ஓர் அத்தியாயம் வரும். டிவிக்காரன் ஒரே எபிசோடில் ரெண்டு அத்தியாயத்தை முழுங்கிவிடுகிறான். கொஞ்ச நாளில் படக்கதையை எட்டிப் பிடித்துவிட்டால், மேற்கொண்டு எடுக்கக் கதை இல்லை. அப்போது இரண்டே வழி. ஒன்று, மூலத்தில் இல்லாத உப்புச்சப்பில்லாத கிளைக்கதையைச் சொருகுவது. இதற்கு 'ஃபில்லர்' என்று பேர். முதல் நருட்டோவில் 135-க்கு மேல் 220 வரை கிட்டத்தட்ட எல்லாமே இந்தச் சொருகல்தான். இன்னொரு வழி, ஒரே சண்டையை, ஒரே முறைப்பை, ஒரே ஓட்டத்தை எபிசோட் எபிசோடாக நீட்டுவது.

இதற்கு நல்ல உதாரணம் அந்த ஃபுல்மெட்டல்தான். அதை ரெண்டு தடவை எடுத்திருக்கிறார்கள். 2003-ல் எடுத்தபோது படக்கதை பாதியில் இருந்தது. அதனால் முடிவைத் தாங்களே கற்பனை செய்து 51 எபிசோடில் முடித்தார்கள். 2009-ல் மறுபடி எடுத்தபோது படக்கதை கடைசிக் கட்டத்தில் இருந்தது. 2010 ஜூனில் அது முடிய, ஜூலையில் இதுவும் முடிந்தது. முதல் தடவை எடுத்ததற்கும் ரசிகர்கள் உண்டு. ஆனாலும் ரெண்டாவதில் ஒரு நிதானம் இருக்கும். எங்கே போய் இறங்கப் போகிறோம் என்று தெரிந்து ஓட்டுகிற டிரைவரின் நிதானம்.

டிரைவர் என்றதும் எங்க பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. எங்களுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். எங்க ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் லாரியில் இருப்பார், இல்லாவிட்டால் ரிக் வண்டியில் போர் போடப் போயிருப்பார். பெரியப்பா லாரி. கல்கத்தா லைனுக்குப் போனால் வீடு திரும்ப இருபது நாள் ஆகும். வந்து குளித்து, சோறு தின்றுவிட்டு உட்கார்ந்தால் டிவியில் 'கோலங்கள்' ஓடும். ரெண்டு நிமிஷம் பார்ப்பார். "ஏம்புள்ள, நான் போறப்பவும் இந்தப் பொண்ணு இங்கதான நின்னுட்டு இருந்துச்சு?" என்று பெரியம்மாவைக் கேட்பார். பெரியம்மாவுக்குக் கோபம் வரும். ஆனால் பதில் இருக்காது!

கோலங்கள் தெரியாதவர்களுக்கு (அப்படி யாராவது இருக்கிறீங்களா என்ன?): தேவயானி, அபி. அவளை அழிக்கத் துடிக்கும் ஆதி. திருச்செல்வம் இயக்கம். 2003 நவம்பரில் ஆரம்பித்து 2009 டிசம்பர் வரை, வார நாட்களில் ராத்திரி 9 மணி. 1500 எபிசோடுக்கு மேல். அதற்கு முன்னால் 'சித்தி' ரெண்டு வருஷம், 'மெட்டி ஒலி' 800-க்கு மேல். அப்பவே வாயைப் பிளந்தோம். பின்னால் வந்த 'சந்திரலேகா' 2014-ல் ஆரம்பித்து 2022 வரைக்கும் 2300 எபிசோடைத் தாண்டி ஓடியது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற காலம்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த இழுவையால் எங்க ஊருக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. எங்கள் பக்கம் பாதி வீட்டில் தறி ஓடும். அந்தச் சத்தத்தில் டிவியில் என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழாது. ஆனால் ஒரு அதிர்ச்சிச் செய்திக்கு ஆறு பேர் மூஞ்சியையும் தனித்தனியாக, ஆளுக்கு மூணு தடவை காட்டுவார்களா, சத்தமே இல்லாமல் கதை புரிந்துவிடும். கரண்டு கட் ஆகி ரெண்டு நாள் விட்டுப்போனாலும் மூணாம் நாள் சேர்ந்துகொள்ளலாம். லைனுக்குப் போய்விட்டு வரும் பெரியப்பாவும் சேர்ந்துகொள்ளலாம். சென்னைக்காரர்கள் சீரியலைக் கிண்டல் செய்து எழுதும்போது இது ஏனோ அவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஆனால், மெதுவாகப் போவது வேறு, முடியாமல் போவது வேறு. இந்த வித்தியாசத்தை எனக்குக் காட்டினது எங்க அம்மாயி. (அம்மாவோட அம்மா. எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.)

அம்மாயி பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். கட்டிக்கொண்டு வந்தது இங்கே. சின்ன வயசில் அங்கே அண்ணன்மார் கதை கேட்ட ருசி கடைசி வரைக்கும் போகவில்லை. பொன்னர் சங்கர் கதை என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கும் தெரியும். கலைஞர் நாவலாக எழுதி, 2011-ல் பிரசாந்த் நடித்துப் படமாகவும் வந்தது. ஆனால் எங்கள் ஜனத்துக்கு அது புஸ்தகமும் இல்லை, படமும் இல்லை. ராத்திரி உடுக்கை அடித்துப் பாடுவது. ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி இல்லை, 18 ராத்திரி!

யோசித்துப் பாருங்க. 18 ராத்திரி தொடர். முன்கதைச் சுருக்கம் கிடையாது, "அடுத்த வாரம்" என்று முன்னோட்டம் கிடையாது. குன்னுடையான் பட்ட பாடு ஒரு பக்கம், பிள்ளை வேண்டித் தாமரை இருந்த தவம் ஒரு பக்கம், கொம்பன் பன்றி வேட்டை ஒரு பக்கம் என்று கதை விரிந்துகொண்டே போகும். பாடுகிறவர் நினைத்தால் பன்றி வேட்டையை விடிய விடிய நீட்டலாம். கூட்டம் கொட்டாவி விட்டால் சுருக்கலாம். அந்தச் சுதந்திரம் எல்லாம் அவருக்கு உண்டு. ஒன்றே ஒன்றுதான் கிடையாது. முடிவை அவர் தள்ளிப்போட முடியாது. அண்ணன்மாருக்கு 16 வயசுதான் ஆயுசு என்பது கேட்க உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படுகளத்தில் சாய்ந்தே ஆக வேண்டும். தங்கச்சி அழுதுகொண்டு தேடி வந்தே ஆக வேண்டும். நாள் குறித்து, பூசைக்குச் சாமான் வாங்கி, ஊர் சனமெல்லாம் வந்தாச்சு. "டிஆர்பி நல்லா இருக்குதுங்க, இன்னும் ஒரு பத்து ராத்திரி ஓட்டலாங்களா?" என்று யாரும் கேட்க முடியாது.

"முடிவு தெரிஞ்ச கதைய என்னத்துக்கு அம்மாயி திரும்பத் திரும்பக் கேக்கறீங்க?" என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "தெரிஞ்சதுனாலதான் கண்ணு அழுவாச்சி வருது. பன்னி குத்தப் போறப்பவே எனக்கு அழுவாச்சி வந்துரும்" என்று சொல்லும். ரொம்ப நாள் கழித்துத்தான் இது புரிந்தது. கடைசி ராத்திரி ஒன்று இருப்பதால்தான் ஏழாம் ராத்திரிக்கு மதிப்பு. அவர்கள் சிரிப்பதும் சண்டை போடுவதும் கணக்கு வைத்த நாளுக்குள் நடக்கிறது.

இங்கே ஒரு ஆச்சரியம். பிரெண்டா பெக் என்று ஒரு கனடா நாட்டு மானிடவியல் அறிஞர். 1960-களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கி கொங்கு நாட்டை ஆராய்ச்சி செய்தவர். 1965-ல் இந்த அண்ணன்மார் கதையைப் பாடப் பாட டேப்பில் பதிவு செய்தார். புஸ்தகமாகவும் போட்டார். பல வருஷம் கழித்து அதையே பொன்னிவள நாட்டுக் கதை என்று அனிமேஷன் தொடராகவும் எடுத்தார். எத்தனை எபிசோட் தெரியுமா? 26! ஜப்பான்காரனுக்கும் 26 ரொம்பப் பழக்கமான எண். அங்கே மூணு மாசத்துக்கு ஒரு பருவம், வாரம் ஒன்று என்று 12 அல்லது 13 எபிசோட். ரெண்டு பருவம் சேர்ந்தால் 25, 26. நம்ம தூர்தர்ஷன் காலத்து 13 வாரத் தொடர்களும் இதே கால் வருஷக் கணக்குதான். திங்கள் வந்தால் இது, செவ்வாய் வந்தால் அது என்று காத்திருந்து பார்த்து, 13-வது வாரம் டாட்டா சொல்லிவிட்டுப் போய்விடும். அப்போது ஏக்கமாக இருந்தது. இப்போது யோசித்தால் அது பெரிய மரியாதை என்று படுகிறது.

சரி, அம்மாயி விஷயத்துக்கு வருகிறேன்.

இத்தனை கதை கேட்ட அம்மாயி கோலங்களையும் விடவில்லை. 9 மணிக்கு முன்னாலேயே சோத்தை முடித்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துவிடும். அபிக்கு ஒரு கஷ்டம் என்றால் அன்றைக்குத் தூக்கம் வராது. ஆதியைத் திட்டாத நாள் இல்லை. 2007 வாக்கில் உடம்பு தளர்ந்துவிட்டது. கண்ணும் சரியாகத் தெரியவில்லை. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து யார் வருகிறார்கள், என்ன பண்ணுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். ஒருநாள் நான் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆதிப் பயன் ஒழியறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவனாட்ட இருக்குது கண்ணு" என்றது. எல்லாரும் சிரித்தோம். அம்மாயியும் சிரித்தது.

2008 ஆவணியில் அம்மாயி போய்விட்டது. அதற்கப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல் கோலங்கள் ஓடியது. கடைசி எபிசோட் அன்றைக்கு ஊர் முழுக்க டிவி முன்னால். எங்க வீட்டிலும் ஓடியது. பெரியம்மா பழக்க தோஷத்தில் ஒரு இடத்தில், "அம்மா, இங்க பாருங்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இதை வைத்துக்கொண்டு சீரியல் எடுத்தவர்களைத் திட்ட எனக்கு மனசில்லை. நாலு வருஷம் தினமும் அரை மணி நேரம் ஒரு கிழவிக்குத் துணையாக இருந்திருக்கிறார்கள். நாங்கள் பேரப்பிள்ளைகள் அத்தனை பேர் சேர்ந்தும் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. இதுதான் என் வாதத்துக்கே இடிக்கிற இடம். அம்மாயி அதைக் கதையாகவே பார்க்கவில்லையோ என்று தோன்றும். பக்கத்து வீட்டு அபி, எதிர்வீட்டு ஆதி. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கடைசி எபிசோட் எதற்கு?

நியாயம்தான். அப்படி முடிவே தேவைப்படாத ஒரு வகை உண்டு. ஜப்பானில் 'சசாயே சான்' என்று ஒரு அனிமே 1969-ல் ஆரம்பித்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சாதாரணக் குடும்பம், அன்றன்றைக்கு ஒரு சின்ன விஷயம், அன்றைக்கே முடிந்துவிடும். நம்ம வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும் ஷின்-சானும் அப்படித்தான். அவனுக்கு என்றைக்கும் 5 வயசு. எந்த எபிசோடில் டிவியை அணைத்தாலும் நஷ்டமில்லை. இந்த வகை எத்தனை ஆயிரம் ஓடினாலும் எனக்குச் சம்மதம்.

ஆனால் கோலங்கள் அப்படிச் சொல்லவில்லையே? வெள்ளிக்கிழமை ஆனால் ஒரு முடிச்சைப் போட்டு, திங்கட்கிழமை அவிழ்க்கிறேன் என்றது. "ஆதிக்கு ஒரு முடிவு வரும், பாரு" என்று 1500 நாள் சொன்னது. ஒன் பீஸும் அதைத்தான் சொல்கிறது: புதையல் இருக்கிறது, வா. முடிவு உண்டு என்று வாக்குக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகிற கதை, கேட்கிறவனுடைய ஆயுசுக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். என் கட்சி அவ்வளவுதான்.

சொல்லுகிறவருடைய ஆயுசும் கணக்கில் உண்டு. 'பெர்செர்க்' என்ற பிரபலமான படக்கதையை 1989-ல் ஆரம்பித்த கெந்தாரோ மியுரா 2021-ல் கதை முடியாமலே இறந்துபோனார். நல்லவேளை, அவரிடம் கதையைக் கேட்டு வைத்திருந்த நண்பரும் அவருடைய உதவியாளர்களும் 2022-ல் இருந்து தொடர்கிறார்கள். நம்ம கல்கியும் 'அமரதாரா' நடந்துகொண்டிருக்கும்போதே 1954 டிசம்பரில் காலமானார். மகள் ஆனந்திதான் முடித்துவைத்தார். அதே கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950-ல் தொடங்கி 1954-ல் முடித்தபோது, மூணரை வருஷம் வாராவாரம் படித்த வாசகர்களே "இப்படிப் பொசுக்கென்று முடித்துவிட்டீர்களே" என்று குறைப்பட்டார்களாம். அதற்காகவே முடிவுரை எழுத வேண்டி வந்தது. போதும் என்று ஜனங்கள் சொல்லி முடிப்பதைவிட, போதவில்லை என்று சொல்ல வைத்து முடிப்பது எவ்வளவு பெரிய விஷயம்! 'டீமன் ஸ்லேயர்' படக்கதையும் உச்சத்தில் இருந்தபோதே 2020-ல் 23 தொகுப்போடு முடிந்தது. இன்னும் நாலைந்து வருஷம் இழுத்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். 2025-ல் அதன் சினிமா தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்தபோது விசில் சத்தத்துக்குக் குறைவில்லை.

எனவே மக்களே, என் கணக்கு இது. ஒரே ஒரு முடிச்சு உள்ள கதைக்கு 13 போதும். ஒரு ஆளுடைய வாழ்க்கை என்றால் 26. பத்துப் பதினைந்து பாத்திரம், ஒரு நாடு, ஒரு போர் என்றால் 60 வரைக்கும் போகலாம். அதற்கு மேல் வேண்டும் என்றால் பருவம் பருவமாகப் பிரித்து, நடுவில் மூச்சு விட்டு, ஒவ்வொரு பருவத்திலும் எதையாவது உருப்படியாக முடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எண் முன்னே பின்னே இருக்கட்டும், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் முதல் ராத்திரி உடுக்கையைக் கையில் எடுக்கும்போதே படுகளம் எந்த ராத்திரி என்று தெரிந்திருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீங்க பாதியில் விட்டது எது, வைராக்கியமாகக் கடைசி வரை பார்த்து நொந்தது எது, முடிந்துவிட்டதே என்று ஏங்கியது எது? சொல்லுங்க, ஒரு பட்டியல் போடலாம்.

பி.கு: ஒன் பீஸ்காரர்களுக்கே ஞானம் வந்துவிட்டது போல. வாராவாரம் ஓட்டியது போதும், 2026-ல் இருந்து வருஷத்துக்கு அதிகபட்சம் 26 எபிசோட்தான் என்று அறிவித்துவிட்டார்கள். மறுபடியும் அதே 26! பிரெண்டா பெக் அம்மாவுக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று நம்புவோமாக.